நூற்றியெட்டுத் தேங்காயும் பதினேழு இன்ச் சக்கரமும்

ஒரகடம் பக்கம் குடியிருப்பவர்கள் பழைய கார் வாங்கக் கூடாது. வாங்கியே தீருவேன் என்றால் வெளியே சொல்லக் கூடாது. சொல்லிவிட்டீர்கள் என்றால் அப்புறம் அந்தக் காருக்கு நீங்கள் மட்டும் சொந்தக்காரர் இல்லை.

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்காரர் கார் சீட் தைக்கும் கம்பெனியில் வேலை. அவருக்கு எதிர்வீடு ஹாரன். அதற்குப் பக்கத்து வீடு கண்ணாடி. மாடி போர்ஷனில் இருந்த நான்கு பேரும் கார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவு. எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து லீவு போட்டால் சாயங்காலத்துக்குள் தெருமுனையில் ஒரு காரைச் செய்து நிறுத்திவிடலாம். ஆனால் முழுக் காரைப் பற்றித் தெரிந்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. ஹாரன் செய்கிறவர் எஞ்சினைப் பற்றிக் கருத்துச் சொல்வார். சீட் தைக்கிறவர் பிரேக்கைப் பற்றிப் பேசுவார். கண்ணாடிக்காரர் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுவார், சாப்பாட்டு நேரம் வரை பேசுவார்.

இந்தக் கூட்டத்திலேயே மோசமான ஆள் யார் என்றால், நான்தான். ஏனென்றால் நான் ஒரு கார் தொழிற்சாலையில், சக்கரம் மாட்டுகிற இடத்தில், தரப் பரிசோதகர். என் கண் முன்னால் ஒரு ஷிஃப்டுக்கு எத்தனையோ கார்கள் சக்கரம் மாட்டிக்கொண்டு போகும். எல்லாவற்றுக்கும் 'ஓகே' போடுவது என் பேனாதான். அதனால் சக்கரத்தைப் பற்றி உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (அந்த ஆளை இப்போது பார்த்தால் முதுகில் இரண்டு போடுவேன்.)

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் வாங்கியது பதின்மூன்று வயதான ஒரு சிவப்பு செடான். பேருக்குத்தான் குடும்பக் கார், சுபாவத்தில் பந்தயக் கார். அந்தக் காலத்தில் இளவட்டங்கள் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எஞ்சின் அருமை. ஸ்டியரிங் அருமை. ஒரே ஒரு குறை, சக்கரங்கள் சின்னதாக இருந்தன. அப்படி எனக்குத் தோன்றியது. வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போதெல்லாம், பெரிய மனிதர் ஒருவர் குழந்தையின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதாக எனக்கு ஒரு வேதனை.

அதே வீட்டில், அதே சமயத்தில், என் மனைவி ஜெயந்தி அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே செல்போன் பாகங்களைப் பொருத்தும் கம்பெனி ஒன்றில் லைனில் நின்று வேலை பார்த்தவள். நின்று நின்று கால் நரம்பு சுருண்டு போய், வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷமாகப் படிக்கிறாள். முதல் தடவை சொற்ப மார்க்கில் போனது. இரண்டாம் தடவை அதைவிடச் சொற்ப மார்க்கில் போனது. "இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா திரும்ப லைனுக்கே போயிடறேன்" என்று சொல்லிவிட்டாள். காலை நாலரைக்கு எழுந்து படிப்பாள். நானும் அவளுக்குத் துணையாக எழுந்து உட்கார்ந்து, அவளுடைய வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் டயர் கணக்குப் போடுவேன்.

டயர் கணக்கு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என் வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்தது 195/55 R15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. மூன்றாவது, உள்ளே இருக்கும் ரிம் எத்தனை இன்ச் என்பது. ரிம்மைப் பெரிதாக்கினால் பக்கச் சுவரைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் சக்கரத்தின் மொத்த உயரம் பழையபடி இருக்கும். அவ்வளவுதான் விஷயம். பத்தாவது படிக்கிற பிள்ளை போட்டுவிடும். நான் அதற்கு இருபது நாள் எடுத்துக்கொண்டேன்.

"எனக்குப் பரீட்சை பதினெட்டு நாள்ல இருக்கு. நான் படிக்கறதவிட நீங்க அதிகமா படிக்கறீங்க" என்றாள் ஜெயந்தி.

"பெரிய சக்கரம் போட்டதும் முதல் சவாரி உனக்குத்தான். பரீட்சைக்கு அதுலதான் போறோம்."

"நான் பஸ்லயே போயிடறேனே."

"ஞாயித்துக்கெழம பஸ்ஸ நம்புவியா, என்ன நம்புவியா?"

அவள் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது பதில்தான்.

ஆலோசனைக்கு ஏழுமலை வந்தான். என் நண்பன், உள்ளூர்க்காரன், டயர் தொழிற்சாலையில் வேலை. பச்சை டயரை அச்சில் போட்டு வேகவைத்து எடுக்கும் பிரிவு. டயரை வேகவைக்கத் தெரிந்தவனுக்கு அதை வண்டியில் மாட்டவும் தெரியும் என்று நான் நம்பியதைப் பிற்பாடு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"இன்னா மாமே யோசிச்சுகினு கீற? பதினேழு இன்ச் போடு. அகலமா போடு. வண்டி ரோட்ட கவ்விகினு போவும்" என்றான்.

"அகலம்னா எவ்ளோடா?"

"வண்டில எவ்ளோ எடம் கீதோ அவ்ளோ!"

இதுதான் அவன் கொடுத்த தொழில்நுட்ப ஆலோசனை. நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரகடத்தில் மஸ்தான் பாய் என்று ஒருவர் டயர் கடை வைத்திருந்தார். லாரி டயரிலிருந்து ஸ்கூட்டர் டயர் வரை எல்லாம் பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "பதினேழுதான் ஓணும்னா 205/40 போட்டுக்கோங்க சார். மொத்த ஒசரம் பழசும் புதுசும் ஒண்ணா வரும்" என்றார்.

சரியான பதில். முழுமையான பதில். நான் இருபது நாள் கணக்குப் போட்டும் வராத பதில், ஒரு சுற்று நடையில் வந்துவிட்டது. அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு மாட்டியிருக்க வேண்டும்.

ஆனால் நாற்பது என்றால் பக்கச் சுவர் மெலிதாக, ரிம்முக்கு ஒரு பட்டி கட்டியது போல இருக்கும். நம் ஊர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் தோண்டி வைத்திருக்கும் குழிகளில் இறங்கினால் ரிம் அடிபடும். அதனால் ரிம்மும் பெரிதாக வேண்டும், பக்கச் சுவரும் உயரமாக வேண்டும், அகலமும் வேண்டும் என்று முடிவெடுத்து, 215/45 R17 என்றேன். அதோடு நான் தேர்ந்தெடுத்த அலாய் ரிம், கொஞ்சம் வெளிப்பக்கமாகத் தள்ளி உட்காருகிற ரகம். பார்ப்பதற்கு வண்டி தோளை விரித்து நிற்கும் என்று ஆசை.

"மேல் பக்கம் மட்டும் ஒசரம் ஒண்ணர சென்டிமீட்டர் கூடும் சார். வெளியவும் தள்ளுது" என்றார் பாய்.

"ஒண்ணரை சென்டிமீட்டர்தானே பாய்!"

"ஒண்ணரதான் சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தேர்வுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, சக்கரம் மாட்டினோம். (ஒரு வாரம் முன்னால் மாட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்டார்கள். இன்னும் கேட்கிறார்கள். நான் விரும்பிய அலாய் அந்த நிறத்தில் வெள்ளிக்கிழமைதான் வந்தது.) வண்டியை லிஃப்டில் ஏற்றி, நாலு சக்கரத்தையும் மாட்டியதும், "கொஞ்சம் இருங்க பாய், நான் செக் பண்ணிடறேன்" என்றேன்.

தொழிற்சாலையில் செய்வதைப் போலவே ஒரு செக் ஷீட் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னேன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் தாராளமாகப் போனது. எங்கேயும் உரசவில்லை. நாலு கட்டத்திலும் 'ஓகே' போட்டேன்.

பாய் டீ கிளாஸோடு வந்தார். "சார், கீழ எறக்கி, பின்னாடி மூணு பேர உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. தொங்கற வண்டிய பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது."

"பாய், நான் தினமும் இதத்தான் பாக்கறேன். எங்க லைன்ல சக்கரம் மாட்டறது எப்பவும் வண்டி தொங்கும்போதுதான்."

சொன்னதில் பொய் இல்லை. எங்கள் லைனில் கார்கள் மேலே ஓடும் கொக்கிகளில் தொங்கிக்கொண்டுதான் வரும். நான் அண்ணாந்து பார்த்து, சக்கரத்துக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, 'ஓகே' போடுவேன். வண்டி ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடும். அங்கே அதைத் தரையில் இறக்குவது வேறு ஆட்கள். ஆறு வருஷத்தில் நான் ஒரு காரும் தரையில் இறங்கிப் பார்த்ததில்லை. தொங்குகிற காரின் சக்கரம் ஸ்பிரிங்கோடு சேர்ந்து கீழே இறங்கி நிற்கும், அதனால்தான் மேலே அவ்வளவு இடம் தெரியும், ஆள் ஏறினால் அந்த இடம் முழுக்க ஸ்பிரிங்குக்குச் சொந்தம் என்பதெல்லாம் யோசித்தால் எனக்கும் தெரிந்திருக்கும். ஆனால் யோசிக்க வேண்டிய அவசியம் என் வேலையில் இல்லை. எங்கள் கம்பெனியில் இன்ஜினியர்கள் அதையெல்லாம் முன்னாடியே யோசித்துவிட்டார்கள்.

நான் மட்டும் தனியாக உட்கார்ந்து மேம்பாலம் வரை போய்விட்டு வந்தேன். ஒரு சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து, செக் ஷீட்டில் 'வாடிக்கையாளர்' என்ற இடத்தில் ஜெயந்தியிடம் கையெழுத்துக் கேட்டேன். ஐந்தாண்டுத் திட்டங்களிலிருந்து தலையைத் தூக்காமலே போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தேர்வு மையம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்கு மேல் கலெக்டரே வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. (கலெக்டர் விஷயம் நான் சேர்த்தது.) அரை மணி நேர தூரம். ஏழரைக்குக் கிளம்பினால் நிம்மதியாகப் போய்விடலாம் என்று முடிவு.

ஏழரைக்கு என் மாமியாரும் மைத்துனன் குமாரும் வந்து இறங்கினார்கள். மகளைப் பரீட்சை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, திருநீறு பூசி உள்ளே அனுப்பிவிட்டு, திரும்பும்போது வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போவதாக மாமியாரின் திட்டம். அது எனக்குத் தெரியும். தெரியாதது, அவர் கூடவே கொண்டுவந்த இரண்டு சாக்குகள்.

"இன்னா அத்தே இது?"

"வேண்டுதல் மாப்ள. நூத்தியெட்டு செதறு தேங்கா. போன ரெண்டு தடவ வேண்டாம வுட்டதுதான் தப்பாப் பூடுச்சு."

நூற்றியெட்டுத் தேங்காயும் டிக்கியில் ஏறின. கூடவே ஒரு குண்டான் சர்க்கரைப் பொங்கல், ஒரு கேன் தண்ணீர். பின் சீட்டில் மாமியார். அவர் பக்கத்தில் குமார். குமாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல பையன். நல்ல உடம்பு. ஒரு கேன்டீனில் மேற்பார்வை வேலை பார்க்கிறான் என்று சொன்னால் மீதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள். முன்னால் ஜெயந்தி, மடியில் ஃபைல், உதட்டில் ஏதோ திட்டத்தின் பெயர்கள்.

தெருவே வாசலில் நின்று புதுச் சக்கரத்தைப் பார்த்தது. ஹாரன்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நான் கம்பீரமாகக் கிளம்பினேன். தெருமுனையில் இருக்கும் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது.

'ர்ர்ரக்க்.'

"இன்னா மாமா சத்தம்?" என்றான் குமார்.

"புது டயர். பழகணும்."

மெயின் ரோட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு 'ர்ர்ரக்க்'. வளைவில் திரும்பினால் 'ர்ர்ர்ர்' என்று இழுத்து ஒரு சத்தம். நான் பாட்டுப் போட்டேன். ஜெயந்தி பாட்டை அணைத்தாள். அமைதியில் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது. வேகத்தை முப்பதாகக் குறைத்தேன். பிறகு இருபது. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது குனிந்து என் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரகடம் சந்திப்பைத் தாண்டியதும் மாமியார் மூக்கைச் சுருக்கினார். "குமாரு, பொங்கல் அடி புட்சிடுச்சாடா? கருகுற நாத்தம் வருதே."

"பொங்கல் இல்லம்மா. மாமா டயரு."

நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்னால் வண்டி உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்றால் அசல் உட்காருதல். முந்தின நாள் நாலு விரல் போன இடத்தில் ஒரு காகிதம் போகாது. டயரின் விளிம்பில் சுற்றிலும் வழவழவென்று ஒரு கோடு, தொட்டால் சுட்டது. பளிச்சென்று எல்லாம் புரிந்துவிட்டது. மஸ்தான் பாயின் முகம் கண் முன்னால் வந்தது. டீ கிளாஸோடு வந்தது. மணி எட்டு ஐந்து.

"வெயிட்ட கொறைக்கணும்" என்றேன்.

"எத?" என்றார் மாமியார்.

"தேங்காய இங்க எறக்கி வெச்சுட்டு..."

"வேண்டுதல் தேங்காய ரோட்ல எறக்குவாங்களா மாப்ள? அவ பரீட்ச என்னாவறது?"

"தேங்கா இருந்தா அவ பரீட்சைக்கே போவ மாட்டா அத்தே!"

என் கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதலும் கடைசியும். வல்லக்கோட்டைக் கோயில் அலங்கார வளைவு வரை ஓட்டு, அங்கே தேங்காயோடு நான் இறங்கிக்கொள்கிறேன் என்றார். அந்த வளைவு வரை பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனோம். அதற்கே பதினைந்து நிமிஷம். மாமியார், இரண்டு சாக்கு, குண்டான், தண்ணீர் கேன், எல்லாம் இறங்கின. இதையெல்லாம் தூக்க ஆள் வேண்டும் என்று குமாரும் இறங்கினான். மாமியார் ரோட்டு ஓரத்திலேயே ஜெயந்தியின் நெற்றியில் திருநீற்றைப் பூசினார். எனக்குப் பூசவில்லை.

வண்டி எழுந்து நின்றது. பின்பக்கச் சத்தம் போய்விட்டது. "பாத்தியா, சரியாயிடுச்சு!" என்றேன். ஜெயந்தி வாட்ச்சைப் பார்த்தாள்.

சொல்லி முடிக்கவில்லை, ஒரு கன்டெய்னர் லாரிக்காக இடது பக்கம் ஒதுங்கினேன். 'ர்ர்ர்ர்ரக்க்.' இந்தத் தடவை முன்பக்கம், ஜெயந்தி உட்கார்ந்திருந்த பக்கம். அவள் காலடியில் ஏதோ அறுபடுவது போல அதிர்ந்தது. நேராகப் போனால் பரவாயில்லை. பள்ளம் வந்தாலோ திரும்பினாலோ உரசல். அந்த ரோட்டில் பள்ளம் வராமல் இருபது அடி போக முடியாது. மறுபடியும் பதினைந்து கிலோமீட்டர் வேகம். எட்டு முப்பத்தைந்து.

"நிறுத்துங்க" என்றாள் ஜெயந்தி.

"இன்னும் கொஞ்ச தூரம்தான், நான் மெதுவா..."

"ஏங்க, நிறுத்துங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவள் அழுகிற குரலில் சொன்னாள். இரண்டு வருஷம் காலை நாலரைக்கு எழுந்தவள், கேட் மூட இருபத்தைந்து நிமிஷம் இருக்கும்போது, என் அலாய் சக்கரத்துக்காக நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. நிறுத்தினேன். அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கி, பின்னால் வந்த ஒரு கம்பெனி பஸ்ஸின் முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது. கதவு திறந்தது. ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பஸ்ஸுக்குப் பின்னால் காரை எடுத்தேன். பள்ளம் வந்தது. சத்தம் இல்லை. வளைவு வந்தது. சத்தம் இல்லை. வேகத்தடை வந்தது. பூப்போல ஏறி இறங்கியது. நான் மட்டும் இருக்கும்போது அந்த வண்டி ராஜாவாட்டம் போனது! ஏழுமலை சொன்னபடியே ரோட்டைக் கவ்விக்கொண்டு போனது. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் என்று வந்தது. என்னைத் தவிர வேறு யாரும் ஏறாத வரைக்கும் மட்டும் ஓடுகிற காரை நான் தேடித் தேடி உருவாக்கியிருக்கிறேன்.

வல்லம் சிக்னலில் பஸ் போய்விட்டது, எனக்குச் சிவப்பு விழுந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஆறு. கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு வெளியே இரண்டு பெண்கள் அழுதுகொண்டு நின்றார்கள். அவர்களில் ஜெயந்தி இல்லை. அப்படியென்றால் உள்ளே போய்விட்டாளா, இல்லை, இன்னும் வந்தே சேரவில்லையா? போனை அணைத்து வைத்திருந்தாள். காவலாளியிடம் கேட்டேன். "உள்ள நானூறு பேரு கீறாங்க சார். உங்க வூட்டம்மா மூஞ்சி எனக்கு எப்டி தெரியும்?" என்றார். நியாயம்தான்.

பதினோரு மணிக்கு மாமியாரும் குமாரும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நூற்றியெட்டுத் தேங்காயையும் உடைத்துவிட்டு, குண்டானோடு வந்திருந்தார்கள். மாமியார் நேராக என்னிடம் வந்தார்.

"உள்ள பூட்டாளா?"

"தெரியல அத்தே."

அவர் வாசலில் இருந்த வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு குண்டானைத் திறந்து, காத்திருந்த எல்லோருக்கும் பொங்கல் கொடுக்க ஆரம்பித்தார். காவலாளிக்கும் கொடுத்தார். கடைசியில் எனக்கும் ஒரு இலையில் வைத்துக் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பன்னிரண்டரைக்குக் கேட் திறந்தது. கும்பல் கும்பலாக வெளியே வந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் போன பிறகு ஜெயந்தி வந்தாள். கண் சிவந்து, தலை கலைந்து, ஆனால் உள்ளேயிருந்து வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. குமாருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். (அதற்குத் தாராளமாக இடம் இருந்தது.)

அவள் ஏறிய பஸ், அவளுடைய பழைய செல்போன் கம்பெனியின் பஸ்ஸாம். நைட் ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் பெண்கள் பாதித் தூக்கத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் நாலைந்து பேர், "ஜெயந்தி அக்கா!" என்று எழுந்துவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் பஸ் முழுக்க முழித்துக்கொண்டது. அவர்கள் இறங்க வேண்டிய ஹாஸ்டல் முன்னாடியே வந்துவிட்டது. ஒருத்தியும் இறங்கவில்லை. "டிரைவர் அண்ணே, மொதல்ல அக்காவ ஸ்கூல் வாசல்ல வுடுங்க, அப்பறம் எங்கள வுடுங்க" என்று கத்தி, பஸ்ஸைப் பள்ளிக்கூடத் தெருவுக்கே திருப்பியிருக்கிறார்கள். மூடுகிற கேட்டுக்குள் கடைசியாக நுழைந்த ஆள் அவள்தான்.

"வண்டி அங்க நிக்குது. வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பி நடந்தார்கள். நான் தனியாக, சத்தமே இல்லாமல், வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பழைய பதினைந்து இன்ச் சக்கரங்களையே மாட்டினேன். "எத்தினி பேரு உக்காந்தீங்க சார்?" என்று கேட்டார் மஸ்தான் பாய். சொன்னேன். தேங்காய் எண்ணிக்கையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தொங்கறப்போ எந்த டயரும் நல்லாதான் சார் கீது" என்று சொல்லிவிட்டு, பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து அவரே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்.

ஜெயந்தி பாஸ் செய்துவிட்டாள். காஞ்சிபுரத்தில் ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. சேர வேண்டிய நாளன்று நான் வண்டியைக் கழுவித் துடைத்து, பூ வைத்து வாசலில் நிறுத்தினேன். அவள் வெளியே வந்து பார்த்தாள். அம்மாவோடு பஸ் ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்தாள்.

"எல்லாம் சரி பண்ணியாச்சு ஜெயந்தி. அஞ்சு பேர் ஏறினாலும் தாங்கும்!"

"தெரியும். திரும்பி வரும்போது உங்ககூட வரேன். போகும்போது வேணாம்."

சாயங்காலம் சொன்னபடியே வந்து ஏறினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து, வாலாஜாபாத் வருவதற்குள் தூங்கிப்போனாள்.

அதுவே எங்கள் குடும்பத்தில் சட்டமாகிவிட்டது. எந்தக் காரியத்துக்கும் போகும்போது பஸ், ஆட்டோ, வேன். திரும்பும்போது என் கார். குமாரின் கல்யாணத்துக்கு மொத்தக் குடும்பமும் வேனில் போக, நான் காலி வண்டியோடு பின்னால் போனேன். "மாமா ரிட்டர்ன் சர்வீஸ் மட்டும்தான்" என்று அவன் மேடையிலேயே சொந்தக்காரர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினான். ஜெயந்தி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதுகூட ஆட்டோவில்தான். ஐந்து நாள் கழித்து மகளை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் வந்தாள்.

அந்த மகளுக்கு இப்போது ஐந்து வயது. இந்த ஜூனில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். புதுச் சீருடை, புதுப் பை. ஜெயந்திக்கு அலுவலகத்தில் ஏதோ கூட்டம், சீக்கிரம் போய்விட்டாள். நான் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறும்மா" என்றேன்.

அவள் ஏறவில்லை. ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, நாம போறோமா, திரும்பி வரோமா?"

"போறோம்."

காலை வெளியே எடுத்தாள். பையைச் சரியாக மாட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே போய் நின்று, ஆட்டோ வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.